நாலு சொல் குறைந்த ஏடு

குடைக்கல் மடத்தில் குருபூசை அன்று ஒரு பட்டிமன்றம் நடக்கும். தலைப்பு மாறாது: 'ஏழு குடப் புதையல் மெய்யா, கட்டுக்கதையா?' தீர்ப்பும் மாறாது, ஏனென்றால் தீர்ப்பே கிடையாது. நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்திருக்கும்போது பந்திக்கு மணி அடித்துவிடும். சாப்பிட்டபின் தீர்ப்பு கேட்க இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

கதை பழையது. முந்நூறு வருஷத்துக்கு முன், படையெடுப்புக் காலத்தில், ஒரு பாளையத்துக் கருவூலக்காரன் மடத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையடியில் ஏழு குடம் பொன்னைப் புதைத்தான். இடத்தை எழுத்தில் எழுதாமல் எண்களாக எழுதி, அந்த ஓலையை மடத்தில் ஒப்படைத்துவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. கிழக்கூரில் ஏழு குடம் என்பார்கள், மேற்கூரில் ஒன்பது. மடத்துச் சமையற்காரர் மட்டும் ஐந்து என்பார். எதையும் குறைத்துச் சொல்லியே அவருக்குப் பழக்கம்.

இந்த வருஷம் நடுவர் தவசிமுத்து. வயது அறுபத்தைந்து. அவரிடம்தான் முதல்முறையாக ஒரு தீர்ப்பு இருந்தது. அதனால்தான் மூன்று நாளாக அவர் யாரோடும் பேசவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன் அவர் இந்த மடத்துக்கு வந்தது படிக்க அல்ல. கல்குவாரியில் வெடி வைக்கிறவர். கையில் பன்னிரண்டு தோட்டாவும் ஒரு சுருள் திரியும் இருந்தன. பின்னால் இருக்கும் பாறையைப் பிளந்துபார்க்கப் போவதாக, மடத்துத் தலைவர் ஆதிமூல அடிகளிடம் நேராகவே சொன்னார்.

அடிகள் தடுக்கவில்லை. "பாறை பெரிசு. உன் தோட்டா பன்னிரண்டு. எந்த இடத்தில் வைப்பாய்?" என்று கேட்டார்.

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்ககிட்ட நிக்கிறேன்?"

"அப்படியானால் ஓலையைத் தேடி எடுத்துவைக்கிறேன். அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் அடிகள் ஒரு பழுப்பேறிய ஓலையைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் எண்கள். எண்கள் இரண்டிரண்டாக இருந்தன. முதல் எண் மடத்துப் பாராயண நூலான 'வாயில் மாலை'யில் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது சொல் என்பதையும், அடுத்த எண் அந்தச் சொல்லில் எத்தனையாவது எழுத்து என்பதையும் குறிக்கும், அந்த எழுத்துகளைக் கோத்தால் செய்தி வரும் என்றார். தவசிமுத்துவுக்கு அப்போது கையெழுத்துகூடப் போடத் தெரியாது. எழுத்தைக் கற்றுக்கொண்டார். அதுவும் போதவில்லை. ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் கிடையாது. எண்ண வேண்டுமென்றால் சொல்லைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமென்றால் பொருள் தெரிய வேண்டும்.

ஒன்றரை வருஷத்தில் ஓலையின் முதல் பக்கத்தை வாசித்துவிட்டார். 'பாறையடியில் ஏழு குடம் பொன் என்பார்கள். இடம் மறுபக்கம்' என்று வந்தது. மறுபக்கம் வரவில்லை. எத்தனை முறை எண்ணினாலும் உளறல்தான். பாராயண ஏட்டில் பிழை இருக்கும் என்று நினைக்க அவருக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே எங்கோ ஒரு சொல்லைத் தாம்தான் தவறாகப் பிரித்திருக்கிறோம் என்று முடிவு செய்தார். மறுபடி முதல் பாட்டிலிருந்து படித்தார். இலக்கணம் படித்தார், உரைகள் படித்தார். உரைகளில் வந்த மேற்கோள்களுக்காக வேறு நூல்களைப் படித்தார். இப்படியே கிட்டத்தட்ட முப்பது வருஷம் போனது. தூரத்துப் பல்கலைக்கழகங்களிலிருந்து ஏடு படிக்கத் தெரியாத பேராசிரியர்கள் அவரைத் தேடிவந்தார்கள்.

அவரோடு வெடி வைத்தவர்கள் நால்வர். அவர்களில் இருவர் இப்போது இடது கையால் சாப்பிடுகிறார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் அடிகள் மறைந்தபோது, அந்த இடத்தில் தவசிமுத்துவைத்தான் உட்காரச் சொன்னார்கள். ஓலையை முடிக்காமல் எதிலும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். அதனால் செண்பகவடிவு தலைவரானார். சமையற்காரரின் மகள், தவசிமுத்துவைவிடப் பதினேழு வயது இளையவர். 'ஏ வடிவு' என்று கூப்பிட்டுப் பழகியவர் 'அம்மா' என்று கூப்பிட ஒரு வருஷம் ஆயிற்று. கூப்பிட ஆரம்பித்த பிறகு, பாடம் கேட்கவும் ஆரம்பித்தார்.

மூன்று நாளைக்கு முன், பூச்சி அரிக்காமலிருக்க ஏடுகளுக்குப் புல் எண்ணெய் தடவும்போது, கழித்துப்போட்ட ஏடுகள் இருக்கும் பெட்டியில் 'வாயில் மாலை'யின் இன்னொரு பிரதியைப் பார்த்தார். ஏன் கழித்தார்கள் என்று புரட்டினார். நாற்பத்தொன்றாம் பாட்டில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இப்படி வரவேண்டும்:

வந்தவர் பசித்திட வாடும் வாயில்
வந்தவர் திரும்பிட வருந்தும் வாயில்

இந்தப் பிரதியில் இரண்டாவது வரி இல்லை. இரண்டும் ஒரே சொல்லில் தொடங்கி ஒரே சொல்லில் முடிவதால், எழுதியவரின் கண் தாண்டிவிட்டது. பிரதி எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழைதான். நாலு சொல் குறைந்தது. ஓலையின் முதல் பக்கத்து எண்கள் எல்லாம் இந்தப் பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்; மறுபக்கத்து எண்கள் இதற்குப் பின்னால் வருபவை, அவைதான் நாலு நாலாகத் தள்ளிப்போயிருந்தன.

தவசிமுத்துவின் கை தானாக எண்ண ஆரம்பித்தது. ஓலையின் மறுபக்கம் அன்று மத்தியானத்துக்குள் வந்துவிட்டது.

பிரதியின் கடைசி ஓலையில், எழுதியவர் பெயரும் வயதும் இருந்தன: ஆதிமூலம், வயது இருபது, பிழை பொறுக்க.

குருபூசையன்று காலை அவர் செண்பகவடிவைத் தேடிப் போனார். அடுக்களையில் ஐம்பது பேருக்கான பூசணிக்காயைத் தலைவர் அரிவாள்மணையில் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி இன்னும் சமாதிக்குத் தண்ணி ஊத்தலியாமே?"

குருபூசையன்று ஒவ்வொரு குருவின் சமாதிக்கும் அவருடைய மூத்த சீடர் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்வரை சாப்பிடக் கூடாது. ஆதிமூல அடிகளின் சமாதி காலையிலிருந்து காய்ந்து கிடந்தது.

"ஊத்தணுமான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார் தவசிமுத்து. விஷயத்தைச் சொன்னார். வரி விட்டுப்போன ஏடு அடிகள் எழுதியது. ஓலையின் எண்கள் அந்த ஏட்டுக்குத்தான் பொருந்துகின்றன. ஆகவே ஓலை முந்நூறு வருஷப் பழசாக இருக்க முடியாது. "யார் எழுதியிருப்பான்னு நீங்களே சொல்லுங்க."

"அடிகள்தான்."

"இவ்வளவு சாதாரணமா சொல்றீங்க?"

"அடுப்புக்கு மேல பரண்ல அஞ்சு நாள் தொங்கவிட்டது நான்தானே. புகையில பழுப்பாகட்டும்னார். அப்ப எனக்குப் பதினேழு. என்ன ஓலைன்னு கேட்டேன். ஒரு பாறையைக் காப்பாத்துற ஓலைன்னார்."

தவசிமுத்து மணைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"முப்பத்தொரு வருஷம் என் முகத்தைப் பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"மறுபக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"அது தெரியாது. எண்ணத் தெரிஞ்சவங்க நீங்கதானே."

தவசிமுத்து மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வாசித்தார். "'குடம் இல்லை. பாறையை விடு. கோபம் வந்தால் என்னிடம் வந்து திட்டு. சாப்பிட்டுவிட்டுப் போ.'"

செண்பகவடிவு கையை நிறுத்தினார். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு மறுபடி நறுக்கினார்.

"ரெண்டு வருஷத்துல நீங்க வந்து திட்டுவீங்கன்னு காத்திருந்தார் அண்ணாச்சி. தினம் கேப்பார், 'தவசிமுத்து கோபமா இருக்கானா?'ன்னு. இல்லையே, சந்தோஷமா இருக்காரேன்னு சொல்வேன். அவருக்குப் புரியலை. ஒருநாள் பாராயண ஏட்டை எடுத்துவச்சு அவரே எண்ணிப் பாத்தார். உளறலா வந்தது. கொஞ்ச நேரம் முழிச்சார். அப்புறம் கழிச்ச பெட்டியத் திறந்து, ஓலைக்கு எண் எடுத்த தன் ஏட்டைப் பாத்துட்டு, வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். 'இருவது வயசுல தூங்கி வழிஞ்சதுக்கு இவனைத் தண்டிச்சுட்டேனே'ன்னார்."

"அன்னைக்கே குடுத்திருக்கலாமே!"

"குடுக்கத்தான் கிளம்பினார். ஏட்டைக் கையில எடுத்துக்கிட்டு உங்க அறை வாசல்வரைக்கும் வந்தார், நானும் பின்னாலயே வந்தேன். நீங்க உள்ள உக்காந்து அந்த நாப்பத்தொண்ணாம் பாட்டைத்தான் பிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அந்த ரெண்டாவது வரியை நாலஞ்சு தடவை சத்தமாச் சொன்னீங்க. அழுதீங்க. எதுக்கு அழுதீங்கன்னு எனக்குத் தெரியலை."

தவசிமுத்துவுக்குத் தெரிந்தது. வெடியோடு வந்தவரையும் திரும்பிப் போகவிட மனம் வராத வாசல் இது.

"அடிகள் கொஞ்ச நேரம் வாசல்ல நின்னார். அப்புறம் ஏட்டைக் கொண்டுபோய்ப் பெட்டியிலயே வச்சுட்டார்."

"அப்ப, முதல்ல செஞ்சது பிழை. பிறகு செஞ்சது வேணும்னே."

"ஆமா."

"ரெண்டாவதுதான் எனக்குப் பொறுக்கலை."

"அதுவும் சரிதான்" என்றார் செண்பகவடிவு. "நடுவர் நீங்க. என்ன தோணுதோ அதைச் சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

பந்தலில் பட்டிமன்றம் வழக்கம்போல் சூடாக நடந்தது. மெய் என்ற கட்சிக்குத் தேங்காய் வியாபாரி சொர்ணலிங்கம், கட்டுக்கதை என்ற கட்சிக்கு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் எஸ்தர்.

"குடத்துக்கு எத்தனை படி? ஏழு குடம் பொன்னோட எடை என்ன? கணக்குப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் டீச்சர். "ரெண்டு மாட்டு வண்டியில ஏத்தினா அச்சு முறியும். அண்ணாச்சி, உங்க கருவூலக்காரன் என்ன, தோள்ல தூக்கிட்டு வந்தானா?"

"டீச்சர் எப்பவும் இப்படித்தான். ஒரு தேங்காயைப் பாத்தா, உள்ள தண்ணி இருக்கான்னு ஆட்டிப் பாக்க மாட்டாங்க, சுத்தளவை அளப்பாங்க."

"அளந்தாத்தானே நீங்க ஏமாத்துறது தெரியும்!"

கூட்டம் சிரித்தது. சொர்ணலிங்கம் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு நடுவர் எழுந்தார்.

"ஓலையோட மறுபக்கத்தை வாசிச்சுட்டேன்" என்றார் தவசிமுத்து.

பந்தலில் இலை அசைகிற சத்தம் கேட்டது. பாதி எழுந்திருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். சொர்ணலிங்கத்தின் வாய் திறந்தே இருந்தது. எஸ்தர் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

தவசிமுத்து காகிதத்தை விரித்தார். எல்லாவற்றையும் சொல்வதாகத்தான் இருந்தார். புகை போட்டது, எண்ணியது, மறைத்தது எல்லாவற்றையும். முதல் மூன்று வாக்கியங்களுக்காக வாயைத் திறந்தார். 'கோபம் வந்தால்' என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. கடைசி வாக்கியம் மட்டும்தான் வெளியே வந்தது.

"'சாப்பிட்டுவிட்டுப் போ.'"

பந்தலே அதிர்ந்தது. இத்தனை வருஷப் பட்டிமன்றத்தில் இவ்வளவு அழகாக எந்த நடுவரும் நழுவியதில்லை என்று இரண்டு கட்சியும் ஒருசேரக் கைதட்டின. மணியும் அடித்தது. கூட்டம் பந்திக்கு நகர்ந்தது.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னுபோச்சு!" என்று அவர் தோளைத் தட்டிவிட்டு சொர்ணலிங்கம் ஓடினார், முதல் பந்தி நிறைந்துவிடும் என்ற கவலையில்.

தவசிமுத்து மட்டும் போகவில்லை. போக முடியாது, இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. கிணற்றடியில் நீர் நிறைத்து வைத்த குடம் காலையிலிருந்து அப்படியே இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு அடிகளின் சமாதிக்கு முன்னால் போய் இறக்கிவைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊற்றவில்லை.

பரிமாறுகிறவர்களுக்கு இலைக்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, செண்பகவடிவு ஈரக்கையோடு அங்கே வந்தார்.

"எல்லாரும் உக்காந்தாச்சு. உங்க இலைதான் காலியா இருக்கு."

"அம்மா, பந்தல்ல தீர்ப்பு சொல்ல வரலை. எனக்கே ஒரு தீர்ப்பு வேணும்." குரல் இறங்கியிருந்தது. "ஏழு குடத்துக்குன்னு வந்தவன் நான். 'குடம் இல்லை'ன்னு அவரே தன் கைப்பட எழுதிவச்சிருக்கார். அப்ப புதையல் கதை பொய்தானே?"

செண்பகவடிவு சமாதியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார், ஏட்டைப் பிடித்துப் பழகிய அவருடைய பத்து விரல்களையும்.

"அவர் எழுதினதுல பிழை இருக்கும்னு காலையில நிரூபிச்சது நீங்கதானே அண்ணாச்சி?"

தவசிமுத்து குனிந்து குடத்தைத் தூக்கினார்.