மோசமாகுமா?

திருநெல்வேலியில் பக்கவாத மருத்துவரான டாக்டர் சுலைகாவிடம் கற்றுக்கொள்ள வந்த தேவசகாயம், அவரைவிட வயதில் மூத்தவர். திசையன்விளையில் நெடுங்காலம் காய்ச்சலும் சர்க்கரையும் பார்த்துவந்த பொது மருத்துவர். பக்கவாதம் வந்தவர்களை வண்டியேற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பி அனுப்பி மனசு கேட்காமல், ஒருநாள் தாமே கிளம்பி வந்துவிட்டார்.

சுலைகா அவரை ‘சார்’ என்பார். அவர் சுலைகாவை ‘மேடம்’ என்பார். சுலைகா அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். உட்காருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வந்ததிலிருந்து அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

“மேடம், வரும்போதே நினைவில்லாம வர்றவங்களைப் பத்திக் குழப்பம் இல்ல. பேசிக்கிட்டு, நடந்து வர்றாங்களே, அவங்கதான். சாயங்காலத்துக்குள்ள சிலருக்குக் கை கால் விழுந்து வாயும் அடைச்சிருது. சிலர் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. யாருக்கு எதுன்னு முன்கூட்டியே எப்படிச் சொல்றது?”

“படிங்க சார்” என்பார் சுலைகா.

படித்தார். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், அடைத்த ரத்தக்குழாய் எது, அடைப்பு எந்த இடத்தில், பக்கத்துச் சிறு குழாய்கள் எவ்வளவு ரத்தம் கொண்டுவருகின்றன என்று ஒன்று விடாமல் படித்தார். ஒரு கட்டுரை சொன்னதை இன்னொன்று மறுத்தது. படிக்கப் படிக்க இருந்த நிம்மதியும் போயிற்று.

அப்படியிருக்க, ஒரு காலையில் கோமதிநாயகம் வந்துசேர்ந்தார். சங்கரன்கோவிலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தூங்கி எழுந்தபோதே வலது கை தளர்ந்திருந்தது. காபி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பேச்சில் லேசான குழறல். மற்றபடி ஆள் தெளிவாக இருந்தார். தள்ளுவண்டியில் உட்காரச் சொன்னதற்கு, “எனக்கு டிரைவரா?” என்று சிரித்தார்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இடப்பக்கத்துப் பெரிய குழாய் அடைத்திருந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அடைத்த சில மணி நேரத்துக்குள் போட வேண்டும்; எப்போது அடைத்தது என்று யாருக்கும் தெரியாததால் அதைப் போட முடியவில்லை. தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை உருவி எடுக்கலாம். ஆனால் இவ்வளவு லேசான வாதத்துக்கு அதைச் செய்தால் நன்மை கூடுமா, ஆபத்து கூடுமா என்பது உறுதியில்லை. பக்கத்துச் சிறு குழாய்கள் எப்படியோ ரத்தத்தைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. இப்போதைக்குக் காத்திருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று.

வராந்தாவில் அவர் மனைவி பேச்சியம்மாள் தேவசகாயத்தை மறித்தாள்.

“டாக்டரய்யா, நாளைக்குக் காலையில எம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ள வீட்டுல தள்ளிப்போட மாட்டோம்னுட்டாவ. இவுக நல்லாத்தான பேசுதாவ? நான் இப்பப் போயிட்டு நாளைக்கு மத்தியானம் வந்திரட்டுமா? அதுக்குள்ள இவுகளுக்கு மோசமாயிராதுல்லா?”

தேவசகாயம் வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“கேட்டுச் சொல்றேம்மா” என்றார்.

சுலைகா வேறொருவரின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே கேட்டுக்கொண்டார்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?”

“எல்லாத்தையும் சேத்துப் பாத்தா அநேகமா ஒண்ணும் ஆகாது. சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. பக்கக் குழாய்லாம் நல்லா வேலை செய்யுது.”

“அப்ப அதையே போய்ச் சொல்லுங்க.”

போனார். பேச்சியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அவரைக் கண்டதும் அவள் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு வந்தது. தேவசகாயம் வேறு எங்கோ அவசரமாகப் போகிறவர்போல அவளைத் தாண்டிப் போய், வராந்தாவின் கோடியில் சும்மா நின்றுவிட்டு, திரும்பி வந்தார்.

“சொல்லிட்டீங்களா?”

“இல்ல மேடம். அடைச்சது பெரிய குழாயாச்சே.”

“அப்ப மோசமாகும்னு சொல்லிருங்க.”

“அதை எப்படிச் சொல்றது? மக நிச்சயத்தை விட்டுட்டு இங்க உக்காந்திருந்து, அவருக்கு ஒண்ணுமே ஆகலைன்னா?”

சுலைகா அடுத்த படத்தைத் திறந்தார். தேவசகாயத்துக்குப் பொறுமை போயிற்று.

“நீங்க ஆயிரக்கணக்கில பாத்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?”

சுலைகா எழுந்தார். வார்டுக்குள் நடந்தார். கட்டில்கள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. நேராகக் கோமதிநாயகத்திடம் போய்க் கையைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார். மூளைக்கு ரத்தம் ஏறத் தலையணையை உருவிவிட்டு மட்டமாகப் படுக்கவைத்தார். பிறகு, பின்னாலேயே உள்ளே வந்திருந்த பேச்சியம்மாளிடம் திரும்பினார்.

“மோசமாகுமான்னு கேட்டீங்களாம். எனக்குத் தெரியாதும்மா.”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேவசகாயத்தின் காது சுட்டது.

“பெரிய டாக்டர்னு சொன்னாவ. உங்களுக்கே தெரியாதா?” என்றாள் பேச்சியம்மாள்.

“தெரியாது. ஆகாமலும் போகலாம். ஆச்சுன்னா சட்டுனு ஆயிரும். அப்படி ஆச்சுன்னா கம்பி விட்டு அடைப்பை எடுக்கணும். அதுலயும் ஆபத்து உண்டு. அந்த நேரத்துல நின்னு பேச முடியாது. அதனால இப்பவே பேசிருவோம்.”

பேசினார்கள். என்ன செய்வார்கள், எதனால் செய்வார்கள், செய்தால் என்னென்ன கெட்டுப்போகலாம், எல்லாவற்றையும் அவள் கேட்டாள். சரி என்று தலையாட்டினாள். தோளிலிருந்து பையை இறக்கி வைத்தாள். அப்புறம் ஜன்னலோரம் போய் நின்று போனை எடுத்தாள்.

“அண்ணே, தட்டை நீயும் மதினியும் மாத்திக்கிடுங்க. நான் வரல.” எதிர்முனையில் போன் மகள் கைக்கு மாறியது, அவள் சற்று நேரம் அழுதாள். “இல்லட்டி, அப்பா நல்லாத்தான் இருக்காவ. ஆமா, நல்லாத்தான் இருக்காவ. அழாத. அந்தப் பச்சைச் சேலையையே கட்டு.”

சுலைகா ஒரு நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டார்.

“உக்காருங்க சார். ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க. ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்க. கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் கேளுங்க.”

“எதுவரைக்கும்?”

“நான் வர்ற வரைக்கும்.”

தேவசகாயம் உட்கார்ந்தார். இதற்கு நர்ஸ்கள் இல்லையா? இந்த வயதில் ஊரை விட்டு, வரும் நோயாளிகளை விட்டு, கையைத் தூக்கு என்று சொல்லவா வந்தார்? காலை மாற்றி மாற்றிப் போட்டார். எழுந்து மானிட்டரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“கையத் தூக்குங்க. ஏதாவது பேசுங்க.”

“கிளட்ச்ச மெதுவா விடு, கண்ணாடியப் பாரு” என்றார் கோமதிநாயகம்.

கொஞ்ச நேரம் கழித்து, “மறுபடியும்.”

“மறுபடியுமா? லைசென்ஸ் எடுக்க வாரவங்களக்கூட நான் இந்தப் பாடு படுத்தினதில்ல சார்.” ஆனாலும் தூக்கினார். அதே வாக்கியத்தைச் சொன்னார்.

மத்தியானம் சாய்ந்தது. தேவசகாயத்தின் டீ ஆறி ஆடை படிந்தது. எத்தனை முறை கேட்டோம் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. வலது கை இப்போது சற்றுக் கீழே இறங்கியதுபோல இருந்தது. இறங்கியதா, அல்லது சலிப்பில் அவரே இறக்கினாரா? போன முறையும் இப்படித்தான் இருந்ததா? கொஞ்ச நேரம்கூட விடாமல் உடனே கேட்டார்.

“பேசுங்க.”

“கிளட்ச்ச மெதுவா விடு, கண்... கண்...”

கோமதிநாயகம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் வந்தது. வலது கை பொத்தென்று மெத்தையில் விழுந்தது.

தேவசகாயம் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

சுலைகா ஓடி வந்தார். அவருக்குப் பின்னாலேயே தள்ளுகட்டிலோடு ஆட்கள் வந்தார்கள். கம்பி செலுத்தும் குழுவில் ஒருவர்கூட வீட்டுக்குப் போயிருக்கவில்லை. அறை தயாராக இருந்தது. யாரும் யாரிடமும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேச்சியம்மாள் கட்டிலோடு கூடவே நடந்து, கதவருகில் புருஷன் காலைத் தொட்டுவிட்டு நின்றுகொண்டாள்.

கதவு மறுபடி திறக்கும்வரை தேவசகாயம் அந்த வராந்தாவில் உட்காரவே இல்லை.

அடைப்பு வெளியே வந்துவிட்டது. சிவப்பாக, ஒரு புழுவளவு.

மறுநாள் காலை சங்கரன்கோவிலில் தட்டு மாற்றினார்கள். அதைப் பேச்சியம்மாள் போனில் காட்டினாள். கோமதிநாயகம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மஞ்சு” என்றார். மகள் பெயர் சரியாகத்தான் வந்தது. மற்ற வார்த்தைகளைத் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது. வலது கை தூக்க வந்தது. பிடிக்க இன்னும் வரவில்லை. மெல்ல வரும் என்றார்கள்.

தேவசகாயத்துக்கு மட்டும் ஆறவில்லை. வார்டுக்கு வெளியே சுலைகாவைப் பிடித்துக்கொண்டார்.

“உங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு மேடம்.”

“தெரியாதுன்னுதான சொன்னேன்.”

“பின்னே எதுக்கு அத்தனை பேரையும் போகவிடாம நிறுத்தி வச்சிருந்தீங்க? எதுக்கு அந்தம்மாகிட்ட முன்கூட்டியே பேசினீங்க?”

“தெரியாததாலதான்.”

தேவசகாயம் குரலை உயர்த்தினார். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

“அப்ப நான் படிச்சதெல்லாம் எதுக்கு? அடைப்பு எங்க, சர்க்கரை எவ்வளவு, எந்தக் குழாய் எவ்வளவு தாங்கும்... இத்தனையும் பாத்தும் கடைசில தெரியாதுன்னுதான் சொல்லணும்னா, அதெல்லாம் எதுக்கு மேடம்?”

சுலைகா வார்டின் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே வரிசையாகக் கட்டில்கள்.

“இத்தனை பேர் படுத்திருக்காங்களே சார். அதெல்லாம் பாத்துட்டு உங்கள நேத்து யார் பக்கத்துல உக்கார வச்சேன்?”