பின்னால் கட்டிய கை

சிதம்பரநாதன் ஐ.டி.ஐ.யில் முப்பது வருஷம் பையன்களை அதட்டியே வேலை வாங்கியவர். வயது அறுபத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று. பெயர் ரெஜினா. நூலகத்து மாடியில் முதியவர்களுக்குப் போன் கற்றுக்கொடுப்பவள். எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கற்றுக்கொள்ளத்தான் அவளிடம் சேர்ந்திருந்தார். சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும், மூக்குக்கு மேல் வரும் கோபம் மட்டும் இறங்கவில்லை.

அன்று திங்கட்கிழமை. எட்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். சிதம்பரநாதனிடம் போன் கற்றுக்கொள்ளும் மூக்கையா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறி வந்தார். எழுபது வயது. பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்.

அவர் மனைவி பேச்சியம்மாளுக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. அரசு ஆஸ்பத்திரிக்கு இதய டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருகிறார். இருபது டோக்கன். திங்கள் காலை எட்டு மணிக்குப் போனில் போட வேண்டும். பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். நேரில் போய்க் கேட்டால், "போன்ல போடு, போ" என்று விரட்டுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மனிதரை இப்படி அலைக்கழிப்பவர்கள் நன்றாக இருப்பார்களா?

முந்தின வாரங்களில் சிதம்பரநாதனே போட்டுக் கொடுத்தார். போன வாரம் அவர் ஊரில் இல்லை. டோக்கன் கிடைக்கவில்லை.

"சார், நீங்களே போட்டுருங்க."

"பதினோரு தடவை காட்டிட்டேன்! மண்டைல என்ன களிமண்ணா?"

சிதம்பரநாதன் போனைப் பிடுங்கினார். மூக்கையா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்களே சொல்லுங்கம்மா," என்று சிதம்பரநாதன் ரெஜினாவிடம் திரும்பினார். "ஒருத்தருக்கு எத்தனை தடவைதான் சொல்லித் தர்றது?"

ரெஜினா எழுந்து வந்தாள். போனை அவர் கையிலிருந்து வாங்கி மூக்கையாவிடம் கொடுத்தாள். மேஜையில் கிடந்த சார்ஜர் ஒயரை எடுத்தாள்.

"கையைப் பின்னால வைங்க சார்."

விளையாட்டு என்று நினைத்துக் கையைப் பின்னால் வைத்தார். அவள் இறுக்கிக் கட்டினாள்.

"என்னம்மா இது! உசுரு விஷயம். விளையாடுற நேரமா?"

"அடுத்த திங்கள் அவர் வீட்ல நீங்க இருப்பீங்களா?"

அவருக்கு முகம் சிவந்தது.

"வாயால சொல்லுங்க. மணி எட்டு."

பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தார். "பச்சைக் கட்டத்தைத் தொடுங்க."

மூக்கையா தொட்டார்.

"உங்க சம்சாரம் பேரைத் தொடுங்க. டாக்டர் பேரு. ம். இப்ப 'உறுதி செய்'னு இருக்கும், அதை அழுத்துங்க."

"இல்லையே சார்."

"கீழதான்யா இருக்கு!"

"இல்ல சார்."

"கண்ணு அவிஞ்சா போச்சு?"

மூக்கையா நிமிர்ந்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "நீங்களே பாருங்க!" என்று போனைச் சிதம்பரநாதனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

பார்வை மங்கல் என்று மூக்கையா எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். டாக்டர் பெயரோடு திரை முடிந்துவிட்டது. 'உறுதி செய்' அங்கே இல்லை.

இருக்குமே, எப்போதும் இருக்குமே என்று சிதம்பரநாதன் திரையையே முறைத்தார். முதுகுக்குப் பின்னால் அவருடைய கட்டைவிரல் தானாக மேல்நோக்கி அசைந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேல... விரலை வச்சு மேல தள்ளுங்கய்யா."

மூக்கையா தள்ளினார். 'உறுதி செய்' என்ற நீலக் கட்டம் அடியிலிருந்து ஏறி வந்தது. அழுத்தினார். மணி எட்டு ஏழு. டோக்கன் பதினெட்டு.

அவர் சிரிக்கவில்லை.

"பதினோரு தடவை காட்டுனீங்க சார். ஒரு தடவைகூட இதைச் சொல்லல. போன வாரம் அவ மூச்சு வாங்கிட்டு உக்காந்திருந்தா. நான் போன்ல இதே இடத்துலதான் முட்டிக்கிட்டு நின்னேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

யார்மேல் கோபப்படுவது என்று சிதம்பரநாதனுக்கு விளங்கவில்லை. ஒயர் மணிக்கட்டில் அறுத்தது.

"அவுத்து விடும்மா," என்றார்.

ரெஜினா நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது மணிக்கு ஆறு பேர் கத்துக்க வர்றாங்க சார். அவங்க போகட்டும், அவுத்து விடுறேன்."