சாரலை மறந்த அடுப்படி

"கூரை நல்லாத்தான் இருக்கு. ஆனா பாவம், மழை மேலேயிருந்து மட்டும்தான் வரும்னு நினைச்சுக்கிட்டாரு!"

புதருக்குப் பின்னால் யாரோ தனக்குத்தானே முணுமுணுத்தது கரடியின் காதில் விழுந்துவிட்டது. கரடியின் கையில் இருந்த கிழங்கு அப்படியே நின்றது.

கரடியின் பெயர் கம்பளியன். அன்று அது தன் புது அடுப்படிக்கு விருந்து வைத்திருந்தது. குகைக்கு வெளியே, குளத்தைப் பார்த்தபடி, நான்கு மூங்கில் கால்கள். மேலே மூன்று அடுக்கு ஈச்ச ஓலைக் கூரை. நடுவில் மூன்று கல் வைத்த அடுப்பு. காற்றோட்டமாக உட்கார்ந்து கிழங்கு சுட்டுத் தின்ன அதைவிட நல்ல இடம் அந்தக் காட்டில் இல்லை.

அடுப்பில் இருந்த நெருப்பு, சித்திரையில் இடி விழுந்து எரிந்த தேக்கு மரத்திலிருந்து வந்தது. கையைச் சுட்டுக்கொண்டு கம்பளியன்தான் அதைக் கொண்டுவந்தது. காட்டில் இருந்த ஒரே நெருப்பு அதுதான். அணைந்தால் அடுத்த கோடை வரை கிடையாது. மழைக்காலத்து இடி ஈர மரத்தைப் பிளக்குமே தவிர எரிக்காது. பல் எல்லாம் போன கிழட்டு முள்ளம்பன்றியோ அந்த அடுப்பில் வெந்த கிழங்கை நம்பித்தான் உயிர் வாழ்ந்தது.

கூரை ஒழுகாது என்பதைக் குரங்கு எல்லோருக்கும் செய்தே காட்டியிருந்தது. சுரைக்குடுக்கையில் குளத்துத் தண்ணீரை மொண்டுவந்து கூரை உச்சியில் கொட்டியது. பத்துக் குடுக்கை கொட்டியும் ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

"வானமே இடிஞ்சு விழுந்தாலும் உங்க அடுப்பு அணையாது, கரடியாரே! அந்தப் பெரிய கிழங்கு வெந்துடுச்சா பாருங்க!" என்றது நரி.

அப்போதுதான் புதரிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"யாரது? வெளியே வா!" என்று கம்பளியன் உறுமியது.

சருகுமான் ஒன்று தலையைக் குனிந்தபடி வந்து நின்றது. அதன் பெயர் புள்ளி. முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நான்கு பேர் கூடிய இடம் என்றாலே அதற்குக் கால் கூசும்.

"விருந்துக்கு வந்துட்டு வீட்டைக் குறை சொல்லுது பாருங்க! இலைக்கடியில படுத்துக் கிடக்கிறதுக்குக் கூரையைப் பத்தி என்ன தெரியும்?" என்று நரி சிரித்தது.

எல்லோரும் சிரித்தார்கள். கம்பளியனுக்கு முகம் சுண்டிப்போனது. ஒன்றரை மாத உழைப்பு! அது எழுந்து, தன் நகத்தால் அடுப்படியைச் சுற்றி மண்ணில் ஒரு கோடு கிழித்தது.

"இந்தக் கோட்டைத் தாண்டி உன் குளம்பு படக்கூடாது! போ!"

புள்ளி போய்விட்டது. அது சொன்ன சொல் மட்டும் போகவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாலை லேசாகத் தூறியது. கூடவே ஒரு வீச்சு வாடைக்காற்று. கால் நாழிகைகூட இல்லை. கம்பளியன் ஓடிப் போய்க் கூரையை அண்ணாந்து பார்த்தது. உள்பக்கத்து ஓலை உலர்ந்தேதான் இருந்தது. குனிந்து பார்த்தால், குளத்துப் பக்கத்து அடுப்புக்கல் நனைந்து கறுத்திருந்தது. ஓரத்துச் சாம்பல் சேறாகியிருந்தது.

கம்பளியன் வெட்கத்தோடு புள்ளியைத் தேடிப் போனது.

"உனக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?"

"எனக்குச் சொல்ல வராதண்ணே" என்றது புள்ளி. "அந்த நாவல் மரத்தடியில வந்து படுத்துப் பாருங்க."

"படுக்கணுமா?"

"என் உயரத்துக்கு வரணும்."

அத்தனை பெரிய உடம்பு மண்ணில் குப்புறப் படுத்தது. குளத்தைப் பார்த்த வாடைப் பக்கத்துப் பட்டையில் மட்டும் பாசி பிடித்திருந்தது. மற்ற பக்கங்கள் சுத்தமாக இருந்தன. வேரின் மேல், சருகும் சுள்ளியும் ஒரே மட்டத்தில் ஒட்டிக் காய்ந்து கிடந்தன, யாரோ அளந்து வைத்ததுபோல.

"போன ஐப்பசியில தண்ணி ஓடின மட்டம் இது. மேட்டிலிருந்து வந்து, உங்க அடுப்பு இருக்கிற இடத்து வழியாத்தான் குளத்துக்குப் போச்சு. சாரல் அந்தப் பாசிப் பக்கமிருந்து வரும்."

கம்பளியன் அந்த மட்டத்தைப் பார்த்தது. தன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தது. அடுப்பு ஒரு சாண் தாழ்வாக இருந்தது.

"பத்து வருஷமா இந்த மரத்துல முதுகு சொறியுறேன். ஒரு நாள்கூட இதைப் பார்க்கலையே!"

"நீங்க உயரமா இருக்கீங்கண்ணே. எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போகுது. பெருமழைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு."

வேலை அப்போதே தொடங்கியது. புற்றுமண்ணைக் குழைத்து அடுப்பை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கினார்கள். விறகுக்குப் பரண் கட்டினார்கள். கூரை ஓரத்தை இன்னும் ஒரு முழம் இறக்கினார்கள். குரங்கு கொடி முறுக்கிக் கட்டியது. காட்டுப்பன்றி மூக்காலேயே மண் கிளறியது. நரி மட்டும், "கால் சுளுக்கு!" என்று மரத்தடியில் படுத்துக்கொண்டது.

குளத்துப் பக்கத்துக்கு ஓலைத் தட்டி கட்டும்போதுதான் கம்பளியனின் மனம் தயங்கியது.

"இதை அடைச்சா குளம் தெரியாதே, புள்ளி!"

"குளம் எங்கேயும் போயிடாதண்ணே. நெருப்புதான் போயிடும். தட்டிக்கு மேல ஒரு சாண் விட்டுடுங்க, புகை போகட்டும்."

"தண்ணி போக வாய்க்கால் எங்கே வெட்டுறது?" என்று காட்டுப்பன்றி கேட்டது.

"அண்ணன் கிழிச்ச கோட்டுலயே வெட்டுங்க. சரியான இடம்தான்" என்றது புள்ளி.

கம்பளியன் வேலை மும்முரத்தில் இருந்தது. அந்தப் பேச்சில் அதற்கு எதுவும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, கடைசிக் கட்டு போடும்போதே வானம் இருண்டது. மழை மேலிருந்து வரவில்லை. குளத்தைத் தாண்டி, படுக்கைவாட்டில் பாய்ந்து வந்தது! தட்டி படபடத்தது, ஆனால் தாங்கியது. மேட்டுத் தண்ணீர் சிவப்பாக உருண்டு வந்தது. வாய்க்காலில் விழுந்து, அடுப்படியைச் சுற்றிக்கொண்டு, குளத்துக்கு ஓடியது. நாவல் மர வேரில் பழைய சருகுகள் இருந்த மட்டத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டது. அடுப்பில் நெருப்பு அசையாமல் எரிந்தது.

காட்டில் பாதி அந்தக் கூரைக்குள் வந்துவிட்டது. சுளுக்கு மறந்து முதலில் ஓடி வந்தது நரிதான். முள்ளம்பன்றி வெந்த கிழங்கை ஈறால் மென்றபடி, "மகராசனா இரு, கம்பளியா! இந்த மழைக்காலமும் எனக்குக் கிடைச்சுது!" என்றது.

"என்னைச் சொல்லாதே. புள்ளியைச் சொல்லு. எங்கே புள்ளி?"

யாரும் பார்க்கவில்லை. கம்பளியன் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு சேம்பு இலைக்கடியில், புள்ளி நடுங்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் கம்பளியனுக்கு நினைவு வந்தது. அந்த இரண்டு நாளும் புள்ளி ஒவ்வொரு யோசனையையும் கோட்டுக்கு வெளியே நின்றேதான் சொல்லியிருந்தது.

"ஏன் உள்ளே வரலை?"

"நீங்க கூப்பிடலையேண்ணே."

கம்பளியன் மழைக்குள் இறங்கிப் போய், இரண்டு கைகளாலும் புள்ளியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"இனி இங்கே யாருக்கும் இடமில்லை கரடியாரே!" என்றது நரி, நெருப்பை இன்னும் நெருங்கி உட்கார்ந்தபடி.

குறையைக் கண்டு சொன்னவருக்கே கூரையின் கீழ் முதல் இடம். கம்பளியன் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த தன் இடத்தில் புள்ளியை உட்கார வைத்தது. ஒரு கிழங்கை உரித்து, ஊதி ஆற வைத்து, அதன் முன்னால் வைத்தது. பிறகு வாசலோரம் போய், பாதி முதுகு மழையில் நனைய, உட்கார்ந்துகொண்டது.