தலைக்கு மேலே இருப்பது யாருடையது?

ஏகாம்பரம் எங்கள் தெருச் சங்கத்துத் தலைவர். அவர் இருப்பது கீழ்வீடு. குரல் தெருக்கோடி வரை கேட்கும். அவருடைய மாடிவீட்டில் வாடகைக்கு இருந்த பூரணி, புடவைக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைப்பவள். மழை வந்தால் அவள் வீட்டுக்குள் ஒழுகும். ஊரார் பட்டுப்புடவையில் கறை பட்டால் பிழைப்பே போச்சு.

சங்கக் கூட்டத்தில் கேட்டுவிட்டாள். "மொட்டைமாடித் தளத்தைப் பேர்த்துட்டுப் புதுசா தட்டு ஓடு பதிக்கணும் சார்."

"அந்தச் செலவு என் தலையிலயா? உன் தலைக்கு மேல இருக்கறது உன் பாடும்மா. காலுக்குக் கீழ இருக்கறதுதான் என்னுது," என்றார். கூட்டம் சிரித்தது.

"சரிங்க சார்," என்று பூரணி போய்விட்டாள்.

மறுநாள் மொட்டைமாடிக் கதவில் பூட்டு தொங்கியது. மகளின் நிச்சயதார்த்தப் பந்தி அங்கேதான் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்த ஏகாம்பரம், பந்தல்காரரோடு படியேறி வந்து கத்தினார். "யாரைக் கேட்டுப் பூட்டினே? மொட்டைமாடி என்னுது!"

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார், எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றாள் பூரணி.

"என்னுது, என்னுது, என்னுது!"

"அப்ப ஒழுகறதும் உங்களுதுதானே சார்?" என்று சாவியை நீட்டினாள்.

முதலில் சிரித்தவர் பந்தல்காரர்தான். அந்த வாரமே கொத்தனார் வந்தார்.

நிச்சயதார்த்தத்தன்று பந்தி பாதியில் இருக்கும்போது மழை கொட்டியது. சம்பந்தி வீட்டார் பூரணி வீட்டுக்குள் ஓடி வந்தார்கள். ஏகாம்பரம் மேலே காட்டி மார்தட்டினார். "ஒரு சொட்டு ஒழுகுதா பாருங்க! என் தளமாக்கும்!"

அவர் கையில் பாயச டம்ளரைக் கொடுத்தபடி பூரணி சொன்னாள்: "ஆமா சார். அடுத்த மழைக்கும் மறந்துடாதீங்க."