மோருக்கு முன் மூடிய இலை

மாசிலாமணிக்குப் பக்கவாதம் வந்தபோது வயது நாற்பத்தெட்டு. அவருடைய குருவுக்கும் அதே வயதுதான். பெரிய ஆபத்து விலகிவிட்டது. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தினமும் காலையில் மனைவி செண்பகம் ஒரு ரப்பர் பந்தை அந்தக் கையில் வைத்து அமுக்கச் சொல்வாள். ஒருநாள் அவர் பந்தைத் தள்ளிவிட்டார். "போதும், விடு" என்று சொல்லிவிட்டு குருவின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

பந்தி தொடங்கும் நேரம். குரு தம் பக்கத்தில் இடம் காட்டினார்.

"சாமி, நான் இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்?"

"டாக்டர் என்ன சொன்னார்?"

"என்னை மாதிரி ஆளுங்க பலபேர் ரொம்பக் காலம் நல்லா இருக்காங்களாம். சிலபேருக்குத் திரும்பவும் வந்துருதாம். மாத்திரையும் பயிற்சியும் விடக் கூடாதாம். நான் எந்தப் பக்கம்னு கேட்டேன். தோளைத் தட்டி அனுப்பிட்டார்."

"உமக்கு என்ன வேணும்?"

"ஒரு கணக்கு. ரெண்டே வருஷம்னா, அந்தப் பந்தோட நான் எதுக்கு மல்லுக்கட்டணும்?"

குரு தம் இலையில் தண்ணீர் தெளித்தார். சோறு வந்தது.

மாசிலாமணி இடது கையால் பிசைந்தார். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி வேட்டிக்கு. மற்றவர்கள் ரசஞ்சோற்றை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி ஆள் ரசத்தை முடிக்காமல் பந்தியில் மோர் ஊற்றக் கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். சமையல்காரர் மோர்வாளியோடு வாசற்படியில் நின்றார்.

மாசிலாமணி சட்டென்று சோற்றோடு இலையை மூடினார்.

"என்ன ஓய், அதுக்குள்ளே?"

"எனக்காக இத்தனை பேர் காத்துக் கிடக்காங்க சாமி."

"நல்லாக் காத்திருந்தோம்" என்றார் எதிர்வரிசையில் ஒருவர். "உம்ம புண்ணியத்துல எனக்கு ரெண்டு வடை கூடக் கிடைச்சுது அண்ணாச்சி. அதைக் கெடுக்காதீரும்."

மாசிலாமணி தலை நிமிரவில்லை. குரு கையை நீட்டி அவருடைய இலையைத் திறந்து விரித்தார்.

சமையல்காரர் பதறிப்போனார். "சாமி, மூடின இலையை யாரும் திறக்கிறதில்லையே."

"சாப்பிட்டு முடிச்சவன் இலையைத்தான் திறக்கிறதில்லை."

மாசிலாமணி விரித்த இலையைப் பார்த்தார். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே சாமி. எத்தனை வருஷம்?"

"தெரியாது. என் கணக்கே எனக்குத் தெரியாது" என்றார் குரு. "மோர் இன்னும் வரலைங்கிறது தெரியும். சாப்பிடும்."