தொட்டுக்கொள்ள மட்டும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் கால் கட்டைவிரல் இரண்டு சமையற்காரர்களின் தலையை வாங்கிவிட்டது. இரண்டாமவனின் தம்பி மாசிலாமணிதான் இப்போது அடுப்படியில் நின்றான்.

ராஜாவுக்கு வாதரத்தம். கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே அலறுவான். ஆனால் ஆட்டீரலைப் பாலாடை விட்டு அரைத்த தொக்கு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. வைத்தியர் மன்றாடிப் பார்த்துவிட்டு, "தொட்டுக்கொள்ள மட்டும், மன்னா" என்றார். இவனோ கிண்ணத்தையே வழித்து நக்குவான். வீக்கம் ஏறினால் பழி சமையற்காரன்மேல். அடப்பாவி, நாக்கு யாருடையது?

மாசிலாமணி விகடகவி அழகண்ணன் காலில் விழுந்தான். "சாமி, வீட்டுல இன்னொரு தாலி அறுந்துடும். காப்பாத்துங்க!"

அழகண்ணன் சபையில் பரிந்து பேசினான். அவனைக் கண்டாலே வயிறெரியும் அமைச்சர் பூவராகர் விடுவாரா?

"பெருமானே, பத்து நாள் இவரே பரிமாறட்டும். தொக்கு தங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். வீக்கம் வடியாவிட்டால் இருவர் தலையும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

மறுநாள் ராஜா மெத்தையில் காலை நீட்டி, இலைமுன் உட்கார்ந்தான். அழகண்ணன் அந்தக் காலைக் கழுவித் துடைத்து, தொக்கு முழுவதையும் வீங்கிய விரல்மேல் மெல்ல வழியவிட்டான். காவலன் வாளை உருவினான்.

"கைக்கெட்டும் தூரம்தான், மன்னா. வைத்தியர் சொன்னபடி தொட்டுக்கொள்ளுங்கள்."

ஆத்திரத்தில் ராஜா தொட்டான். "ஐயோ!" என்று அலறினான். ஆசை விடவில்லை, மறுபடி தொட்டான். மூன்றாம் தடவைக்குத் தெம்பில்லை. மோரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான்.

நாளுக்கு இரண்டு தொடல், இரண்டு அலறல். பத்தாம் நாள் வீக்கம் வடிந்திருந்தது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பூவராகரின் கைக்காப்பையே கழற்றச் சொல்லி அழகண்ணனுக்குப் போட்டான்.

"இந்த யுக்தியை முன்பே சொல்லியிருந்தால் இரண்டு நல்ல சமையற்காரர்கள் மிஞ்சியிருப்பார்களே!"

"முன்பு அவர்கள் தலையை மட்டும்தானே கேட்டீர்கள், மன்னா? என் தலையையும் சேர்த்துக் கேட்ட பிறகுதான் எனக்கு யோசனை வந்தது."

சபையே சிரித்தது. மாசிலாமணி மட்டும் அண்ணனை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதான்.