சமையற்கட்டு வாசலில் மாமா

டாக்டர் கோமதிக்கு வயது ஐம்பத்திரண்டு. சங்கரன்கோவிலில் சொந்தக் கிளினிக். ஆனாலும் புதன்கிழமை தோறும் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கு வந்து, தன்னைவிடப் பதின்மூன்று வயது இளையவரான திசு ஆய்வு மருத்துவர் நஸ்ரினிடம் நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்க்கப் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் புதன்கிழமை அவர் முகத்தில் களையே இல்லை. காரணம், எட்டு மாதத்துக்கு முன் அவரே எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு.

வடிவு என்ற பெண் மாதாமாதம் வலியில் சுருண்டு விழுகிறாள் என்று அழைத்து வந்தார்கள். கோமதி அவசரத்தில், 'எதிர்ப்புச் சக்தி குறைவு, சத்தாகச் சாப்பிடவும்' என்று எழுதிவிட்டார். மாமியாருக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. நோஞ்சானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சொல்லி, கஷாயம் குடித்துத் தேறினால் வரட்டும் என்று வடிவைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. போன மாதம் வயிற்றில் சிறு துளை போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

"இத்தனை மாசமா கஷாயம் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டரம்மா. இன்னும் எம்மேல என்ன குறை?" என்று நேற்று வடிவு கேட்டாள். இன்று வந்ததுமே கோமதி இதையெல்லாம் நஸ்ரினிடம் சொல்லிவிட்டார்.

இப்போது நுண்ணோக்கியின் கீழே இருந்தது அப்போது எடுத்த வடிவின் திசுதான்.

"மேடம், கருப்பைக்குள்ள இருக்கவேண்டிய மாதிரித் திசு வெளியே குடல் பக்கம் வேர்விட்டிருக்கு. எண்டோமெட்ரியோசிஸ். அது புரியுது. உடம்புல எதிர்ப்புச் சக்தி தர்ற காவல் செல்கள் கம்மியா இருக்கப்போய்த்தானே இதை விட்டுவெச்சிருக்கு?" என்று கேட்டார் கோமதி.

"பழுப்பா சாயம் ஏறினதெல்லாம் காவல் செல்கள். எண்ணுங்க," என்றார் நஸ்ரின்.

கோமதி அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்தினார்.

"மொய்ச்சுக் கிடக்கே!"

"பக்கத்துல?"

"புது ரத்தக்குழாய். நரம்புகூட வந்திருக்கு."

"அதையெல்லாம் வரவழைச்சது யாரு?"

கோமதி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். "காவலுக்கு வந்ததுகளா?"

"அதுகளும்தான்."

"விரட்ட வந்தது எதுக்கு மேடம் வளர்த்துவிடுது?"

நஸ்ரின் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "அக்கா, உங்க பொண்ணு கல்யாணத்துல யாராவது கோவிச்சுக்கிட்டாங்களா?" என்றார்.

"கோவிச்சுக்காம ஒரு கல்யாணமா? மாப்பிள்ளையோட தாய்மாமா. மாலை போடக் கூப்பிடலன்னு சமையற்கட்டு வாசல்ல துண்டை விரிச்சு உட்கார்ந்துட்டாரு."

"நகர்த்த ஆளில்லையா?"

"ஆளுக்கென்ன? நாற்பது பேர் ஓடினோம்."

"ஓடி?"

"சொந்தக்காரரை எப்படித் தூக்கிப்போட? வேர்க்குதேன்னு ஒருத்தர் ஃபேன் கொண்டுவந்தாரு. அதுக்கு ஒயர் இழுத்தாங்க. முதுகு வலிக்குமேன்னு ஒரு நாற்காலி. காபி கொடுத்தது நானேதான்!" கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம் எங்க எழுந்திருக்க? ஒவ்வொரு பந்திக்கும் சாம்பார் வாளி அவர்மேல இடிச்சு ஒரே கூப்பாடு."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மறுபடி குனிந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். "இதுவும் சொந்தத் திசுவாச்சே. தூக்கிப்போட முடியாம, இதுகளும் ஒயர் இழுத்து, காபி கொடுத்து உட்கார வெச்சிருக்கு," என்றார்.

"அப்ப பொண்ணு எங்க இருந்தா?" என்றார் நஸ்ரின்.

"மேடையில. போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருந்தா."

"அவளை யாரும் ஏதாவது சொன்னாங்களா?"

கோமதியின் முகம் சிவந்தது. "சொன்னாங்க. பொண்ணு ராசி சரியில்லன்னு ஒருத்தி, அவ காதுபடவே."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"விடுவேனா? அவர் வாசலை மறிச்சதுக்கு எம்பொண்ணு என்ன பண்ணுவான்னு, மண்டபமே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டேன்."

நஸ்ரின் கண்ணாடித் தகட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

"வடிவோட மாமியார் எந்த ஊரு அக்கா?"

"புளியங்குடி."

"பஸ் இருக்குல்ல? அங்கயும் போய் ஒருதரம் சத்தம் போட்டுட்டு வாங்க."